நிற்கத் தெரிந்த சிங்கம்

யோகோஹாமா,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

ஷீல்ட் லைகர் என்ற அந்தச் சிங்க மாடலைக் கட்டி முடித்துவிட்டேன், பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே எந்தெந்த மூட்டு அசைகிறது என்று ஒரு பட்டியல்: கழுத்தில் இத்தனை, காலுக்கு இத்தனை, வாலில் இத்தனை. அந்தப் பட்டியலைப் பார்த்தபிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். மூட்டுகளை எண்ணுவது சுலபம். ஆனால் கைகால் அசையும் ஒரு விலங்கு மாடல் நல்லதா இல்லையா என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. அது நிற்கிறதா, நிற்கும்போது ஒரு பிராணியைப்போல நிற்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அதில் தேறாத மாடலுக்கு வேறு எதிலும் மதிப்பெண் போட எனக்கு மனம் வருவதில்லை. மதிப்பெண்ணை நீயே போடு. எதைப் பார்த்துப் போடவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

உன் மேசைமேல் இருப்பதன் வம்சத்தை முதலில் தெரிந்துகொள். டோமி நிறுவனம் 1982இல் மெக்காபோனிக்கா என்ற பெயரில், ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டால் நடக்கும் இயந்திரப் பிராணிகளை ஜப்பானில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்தப் பெயர் ஸாய்ட்ஸ் என்று மாறியது. பெரியவற்றில் பேட்டரி மோட்டார் வந்தது. பெட்டியில் வருவது உதிரிப் பாகங்கள்தான். பிள்ளைகளே கோத்து, அச்சுகளின் நுனியில் சிறிய ரப்பர் மூடிகளை அழுத்தி, சுவிட்சைத் தட்டினால் பிராணி நடக்கும். உள்ளே இருப்பது ஒரே ஒரு மோட்டார். பற்சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைக் கூட்டும். அங்கிருந்து கிராங்க், கிராங்கிலிருந்து இணைப்புத் தண்டுகள், தண்டுகளிலிருந்து கால்கள். அதே சுழற்சியில்தான் தலையும் வாயும் அசையும். நான் தொழிலில் நாள் முழுக்க வரைவதும் கிராங்கும் தண்டும்தான் என்பதால் சொல்கிறேன்: ஒரே சுழற்சியிலிருந்து ஓர் உயிரின் இத்தனை அசைவுகளைப் பிழிந்தெடுப்பது மிகப் பெரிய வேலை. அந்த வடிவமைப்பாளர்கள்மேல் எனக்குள்ள மரியாதை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் போகிறது.

ஆனால் கிராங்கில் பூட்டிய கால் கிராங்க் போகும் வழியில்தான் போகும். அந்தப் பழைய பொம்மைச் சிங்கம் நடக்கும். உன் விருப்பப்படி ஒரு காலைத் தூக்கி, தலையைத் திருப்பி, பதுங்கி நிற்கச் சொன்னால் நிற்காது.

டோக்கியோவின் மேற்கே தாச்சிகாவாவில் இருக்கும் கோட்டோபுக்கியா நிறுவனம் 2006இல் எச்எம்எம் வரிசையைத் தொடங்கியபோது முதல் கிட்டாக எடுத்துக்கொண்டது இந்த ஷீல்ட் லைகரைத்தான். அளவு பழைய பொம்மையின் அதே 1/72. மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் எலும்புக்கூடு போன்ற உட்சட்டமும், மூட்டுகளும், அவற்றின்மேல் அடுக்கடுக்காகக் கவசமும் வந்தன. பழைய ரப்பர் மூடிகள் இப்போது சட்டத்தின்மேல் வண்ண மூடிகளாக நிற்கின்றன. நீ பொறுமையிழந்து ஒவ்வொன்றாக ஒட்டியதாக எழுதியிருந்தாயே, அவையேதான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய பொம்மை நினைவுக்கு வருகிறது, அதனால் அந்த வேலையில் எனக்கு அலுப்பே தட்டியதில்லை.

ஆக, நடையைக் கொடுத்து நிலையை வாங்கியிருக்கிறார்கள். எதற்காக ஒன்றை விட்டார்களோ அது கிடைத்ததா என்று பார்ப்பதுதான் நியாயமான கணக்கு.

இந்த நாட்டில் இந்த ஆசை மிகப் பழையது. உயேனோவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஓர் இரும்பு டிராகன் இருக்கிறது. 1713இல் மியோச்சின் முனேஆகி செய்தது. மியோச்சின் என்பது பரம்பரை பரம்பரையாகப் போர்க்கவசம் அடித்த கொல்லர்களின் குலம். தோக்குகாவா ஆட்சியில் போர்கள் ஓய்ந்து கவசத்துக்குத் தேவை குறைந்தபோது, அதே சுத்தியலாலும் அதே ஆணி வேலையாலும் அசையும் பிராணிகளைச் செய்யத் தொடங்கினார்கள். டிராகன், பாம்பு, நண்டு, இறால், வண்டு என்று எல்லாம் இரும்பில். ஜிஸாய் ஒக்கிமோனோ என்று அவற்றைச் சொல்கிறார்கள். பிறகு மெய்ஜி காலத்தில் கியோட்டோவில் தகாசே கோசான் நடத்திய பட்டறையிலிருந்து இவற்றில் பல வெளிநாட்டுக்கும் போயின.

அந்த டிராகன் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். உடம்பின் ஒவ்வொரு வளையமும் அடுத்ததன் அடியில் நுழைந்து வெளியே வருகிறது. உடம்பு நெளியும்போது எந்த இடத்திலும் இடைவெளி தெரிவதில்லை. கவசம் ஒருபக்கம், மூட்டு ஒருபக்கம் என்ற பிரிவே அதில் கிடையாது. மனித உடம்பின்மேல் கவசம் பொருந்தவேண்டும், கை மடங்கினாலும் விலா தெரியக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்களுக்கு அது கைவந்திருக்கிறது. உன் லைகரின் தொடைக் கவசம் காலை முன்னே கொண்டுவரும்போது விலாவில் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நல்ல கண் உனக்கு. இடிக்கும் கவசம், கழன்று விழும் கவசம், காலை நகர்த்தும்போது கூடவே விலகிக்கொடுத்துத் திரும்பி வரும் கவசம் என்று மூன்று விதம் உண்டு. மூன்றாவது விதத்தைக் கண்டால் அதைச் செய்தவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி தோள். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

நமக்குக் கழுத்தெலும்பு இருக்கிறது. அது தோளை மார்புக்கூட்டோடு எலும்புவழியாகவே இணைக்கிறது. பூனைக்கும் சிங்கத்துக்கும் அந்த எலும்பு சதைக்குள் மிதக்கும் ஒரு சிறு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. முன்காலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே எலும்பு இணைப்பே இல்லை. வெறும் தசைதான். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே மார்பு, தூளியில் கிடக்கும் பிள்ளையைப்போல, தசையில் தொங்குகிறது. நம் வீட்டு மாடிப்படியில் பூனை இறங்கும்போது மேலிருந்து கவனி. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தோள்பட்டை முதுகுக்குமேல் எழும்பும், மற்றது தாழும். பதுங்கும்போது இரண்டும் முதுகைவிட உயரமாக நிற்கும், தலை அவற்றுக்குக் கீழே இறங்கிவிடும். பூனை வேட்டையாடுகிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிறதே, அது இந்தத் தோளால்தான் தெரிகிறது.

மாடல்களில் முன்காலைப் பெரும்பாலும் மார்பின் பக்கவாட்டில் ஓர் அச்சிலோ பந்து மூட்டிலோ செருகிவிடுகிறார்கள். அந்த அச்சு மேலேயும் போகாது, பின்னேயும் போகாது. அப்படிப்பட்ட சிங்கத்தைப் பதுங்க வைத்தால் கால் குறைந்த மேசை மாதிரி ஆகிவிடுகிறது. உன் கிட்டில் தோளைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார். அச்சு இருக்கும் இடமே கொஞ்சம் நகர்ந்துகொடுக்கிறதா? கொடுத்தால், கிடைப்பது மூன்று மில்லிமீட்டராக இருந்தாலும் அந்த மூன்று மில்லிமீட்டருக்காக நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். வாலில் ஏழெட்டு மூட்டு வைப்பதைவிட அது கடினமானது, அவசியமானதும்கூட.

பின்கால் பற்றி ஒன்று. பின்னோக்கி மடங்கி நிற்கும் மூட்டை நீ முழங்கால் என்று பட்டியலில் எழுதியிருக்கிறாய். அது கணுக்கால். சிங்கம் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி, குதிகால் தரையில் படுவதில்லை. உண்மையான முழங்கால் வயிற்றுக்குப் பக்கத்தில், நம்முடையதைப்போலவே முன்னோக்கி மடங்குகிறது. இது தெரிந்தபிறகு அந்தக் காலை எப்படி மடக்குவது என்பதே உனக்கு மாறிவிடும். முழங்கால் மடங்கும்போது கணுக்காலும் சேர்ந்து மடங்கவேண்டும், நீளும்போது சேர்ந்தே நீளவேண்டும். குதிரையில் இந்த இரண்டையும் தசைநார்களே ஒன்றோடொன்று பூட்டிவைத்திருக்கின்றன. அது நினைத்தாலும் ஒன்றை மட்டும் தனியாக மடக்க முடியாது. உயிருள்ள குதிரைக்கு இல்லாத சுதந்திரத்தை மாடல் குதிரைக்குக் கொடுத்துவிட்டு, அதையே மூட்டுக் கணக்கில் ஒரு சிறப்பாகச் சேர்ப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் படங்களில் லைகர் இடது முன்காலைத் தூக்கி நடப்பதுபோல் நிற்கிறது. அதன் இடது பின்கால் வெகு தூரம் பின்னால் இழுபட்டிருக்கிறது. முன்பக்கம் சாயாமலிருக்க மார்புக்கு அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருக்கிறாய், இல்லையா? சாய்வதற்குக் காரணம் மூட்டுத் தளர்ச்சி என்று நீ நினைக்கிறாய். மூட்டில் ஒரு குறையும் இல்லை. கால்களின் வரிசைதான் தவறு.

பெரும்பாலான நான்கு கால் பிராணிகள் நடக்கும்போது கால்கள் தரையில் படும் வரிசை இது: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். நாய், பூனை, குதிரை, பசு எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான். இதன்படி முன்கால் தரையைவிட்டு எழும்புவதற்குச் சற்று முன்பே அதே பக்கத்துப் பின்கால் வயிற்றுக்கு அடியில் முன்னேறி வந்து ஊன்றிவிடுகிறது. அதாவது இடது முன்கால் அந்தரத்தில் இருக்கும்போது தரையில் இருக்கும் மூன்று கால்களில் இடது பின்கால் நன்றாக முன்னால் வந்திருக்கும். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். உடம்பின் எடைமையம் அந்த முக்கோணத்துக்குள் விழுகிறது. இந்த வரிசையில் மெதுவாக நடந்தால் விழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பிராணிகளிடம் இந்த நடை நிலைத்ததற்கு அது ஒரு காரணம்.

பின்காலைத் தூக்கவேண்டும் என்றால் அதே பக்கத்து முன்கால் பின்னோக்கி, உடம்புக்கு அடியில் வந்திருக்கவேண்டும். எதைத் தூக்கினாலும் அந்தப் பக்கத்து இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும் என்று நினைவில் வைத்துக்கொள். இப்போது போய் அந்த இடது பின்காலை முன்னே கொண்டுவந்து வயிற்றுக்கு அடியில் ஊன்று. முட்டுக் கொடுத்ததை எடுத்துவிடு. நிற்கும்.

இதைத் தவறாக வைப்பது நீ மட்டுமில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத்தும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் நடக்கும் நிலையில் வைத்த விலங்குகளில் 41 விழுக்காடு தவறு. பொம்மை மாடல்களில் சரிபாதி தவறு. விலங்கு உடற்கூற்றுப் புத்தகங்களிலோ 60 விழுக்காட்டுக்கும் மேல் தவறு! 2012இல் அவர்களே ஓவியங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். எட்வர்ட் மைபிரிட்ஜ் விலங்குகளின் நடையை வரிசையாகப் படமெடுத்து 1887இல் வெளியிடுவதற்கு முந்தைய ஓவியங்களில் தவறு 83.5 விழுக்காடு, அதற்குப் பிறகு 57.9 விழுக்காடு. குகைகளில் வரைந்த ஆதிமனிதர்களுக்கோ 46.2 விழுக்காடுதான். எனக்கு இதில் வியப்பே வரவில்லை. அவர்களுக்கு அந்தப் பிராணியின் அடுத்த அடி எங்கே விழும் என்பது சாப்பாட்டுப் பிரச்சினை, சில நேரம் உயிர்ப் பிரச்சினை. பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

ஓவியத்தில் தவறான நடை அப்படியே நிற்கும், யாருக்கும் தெரியாது. மூட்டுள்ள மாடலில் அது உடனே சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பொழுதுபோக்கை நான் இவ்வளவு நேசிப்பதற்கு இதுதான் காரணம், தம்பி. பிராணியின் உண்மைக்கும் மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக்கின் சமநிலைக்கும் ஒரே விதி. நீ பூனையைச் சரியாகப் பார்த்திருந்தால் உன் லைகர் நிற்கும்.

எடை எங்கே இறங்குகிறது என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நிறுத்தியபிறகு ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பார். எளிதாக நுழைந்து வந்துவிட்டால் அந்தக் கால் சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது, தாங்கவில்லை. கண்ணுக்கு நான்கு காலும் தரையில் இருப்பதுபோல் தெரியும், காகிதம் ஏமாறாது. நாயும் குதிரையும் நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்கால்களில் இறங்குகிறது. தலையும் கழுத்தும் முன்னால் நீண்டிருப்பதால் அப்படி. மாடலிலும் முன்பாதங்களில் காகிதம் நன்றாகப் பிடிபடவேண்டும். ஷீல்ட் லைகரின் முதுகுத் துப்பாக்கியையும் பக்கவாட்டு ஏவுகணைப் பெட்டிகளையும் கழற்றிவிட்டு ஒருமுறை, மாட்டிவிட்டு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய். ஆயுதங்கள் எடைமையத்தை எங்கே கொண்டுபோகின்றன என்று உனக்கே தெரிந்துவிடும். பாதமும் முக்கியம். கணுக்காலுக்குக் கீழே பாதம் பக்கவாட்டிலும் சாய்ந்துகொடுத்தால்தான் காலை அகற்றி வைக்கும்போது உள்ளங்கால் முழுவதும் தரையில் படியும். அது சாயவில்லை என்றால் விளிம்பில் நிற்கும், கொஞ்ச நேரத்தில் வழுக்கும்.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இரவு நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடு. காலையில் அதே இடத்திலிருந்து இன்னொரு படம். மூக்கு இறங்கியிருக்கிறதா, முதுகு தாழ்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார். கட்டிய அன்று எல்லா மாடலும் நிற்கும். ஒரு வாரம் கழித்தும் நிற்பதுதான் பொறியியல்.

நீ அடுத்து கோஜுலாஸ் என்ற பெரிய டைனோசரை வாங்கலாமா என்று கேட்டிருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு மாடலை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். அந்த எடை மூட்டிலிருந்து தொங்கும் தூரமும் இரட்டிப்பாகும். ஆக, மூட்டைக் கீழே திருப்பும் விசை பதினாறு மடங்கு. மூட்டும் இரட்டிப்பாகப் பெரிதாகியிருக்கும்தான். ஆனால் அதே இறுக்கத்தில் அதன் உராய்வு எட்டு மடங்குதான் பிடித்துநிறுத்தும். சின்ன மாடலில் கெட்டியாக நின்ற அதே வடிவமைப்பு பெரியதில் தலை கவிழ்வது இதனால்தான். பெரிய உருவங்களில் உராய்வை மட்டும் நம்பாமல் கடகடவென்று பல் பல்லாக நகரும் மூட்டை வைப்பதற்கும் இதுவே காரணம். அது நிற்கும், ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நிற்காது. தலையை ஒரு மயிரிழை திருப்பவேண்டும் என்றால் முடியாது. எனக்கு அதைவிடச் சின்ன மாடலும் வழவழப்பான மூட்டும்தான் பிடிக்கும்.

கட்டும் வேலையில் உனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டும்போது முதலில் தள்ளி வெட்டி, பிறகு ஒட்டி வெட்டு. மீதியை 400, 800, 1000 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய். நுழையாத அச்சை அழுத்தி நுழைக்கவே கூடாது. வெளியே எடுத்து இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டுப் போடு. முறிந்த அச்சு உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த மூட்டின் கதை முடிந்தது.

பிளாஸ்டிக்குகளைப் பற்றி மட்டும் தெரிந்துவைத்துக்கொள். வெளிக்கவசம் பெரும்பாலும் பாலிஸ்டைரின். மூட்டும் உட்சட்டமும் பல கிட்களில் ஏபிஎஸ். மென்மையாக, கொஞ்சம் மெழுகுபோல் இருக்கும் சிறு வளையங்கள் பாலிஎத்திலீன், பாலிகேப் என்று சொல்வார்கள். ஏபிஎஸ் கெட்டியானது, ஆனால் இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்மேல் எனாமல் தின்னர் பட்டு உள்ளே கசிந்தால் விரிசல் விடும். கோடுகளில் கறுப்பு மை ஓட்டப் போகிறாய் என்றால் கவசத்தைக் கழற்றித் தனியாக வைத்து ஓட்டு, முழுக்கக் காய்ந்தபிறகு மாட்டு. மூட்டு தளர்ந்துபோனால் பாலிகேப்பில் எதையும் தடவாதே, அதில் எதுவும் ஒட்டாது. அதற்குள் நுழையும் தண்டில் ஃபெவிக்விக் வகைப் பசையை மெல்லிய படலமாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு செருகு. தண்டு தடித்து இறுக்கம் திரும்பிவிடும். மேலே மேட் ஸ்பிரே அடிப்பதை ஐப்பசி மழை நாட்களில் வைத்துக்கொள்ளாதே. காற்றில் ஈரம் இருந்தால் படலம் வெளுத்துப் பூத்துவிடும். முடித்தபிறகு தெற்கு ஜன்னலோரம் வைக்காதே. மதுரை வெயில் வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும்.

கோஜுலாஸுக்கு வருகிறேன். அது 1980களின் வடிவம். டைரனோசாரஸ் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தது என்று பொதுமக்கள் நம்பிய காலத்து உருவம். ஆனால் 1969இல் ஜான் ஆஸ்ட்ரோம் டைனானிக்கஸை விவரித்ததிலிருந்தே ஆய்வாளர்கள் வேறு படம் வரையத் தொடங்கியிருந்தார்கள்: முதுகு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீண்டு தலைக்கு எதிர்எடையாக, இடுப்பு நடுவில் துலாக்கோல் முள்ளாக. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் டைரனோசாரஸ் எலும்புக்கூட்டை 1990களில் பிரித்து, அந்த நிலையில் திரும்பப் பூட்டியது. 1999இல் தொடங்கிய ஸாய்ட்ஸ் தொலைக்காட்சித் தொடரில் வரும் ஜெனோ சாரரைப் பார். அதே டைரனோசாரஸ்தான், ஆனால் கிடைமட்டமாக, வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த இரண்டு உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பிராணியைப் பற்றி உலகம் என்ன நினைத்தது, எப்படி மாற்றிக்கொண்டது என்பது மேசைமேலேயே தெரியும்.

அதற்காக கோஜுலாஸ் மட்டம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு காலும் வாலும் ஊன்றி முக்காலியாக நிற்கும் அதன் கம்பீரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் நிலையைப் படிப்பதற்கு அது உனக்குப் பாடம் சொல்லாது. வால் ஊன்றியிருக்கும்வரை சமநிலையைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். விலையும் அதிகம், இடமும் அடைக்கும்.

நீ கமாண்ட் வுல்ஃப் எடு. ஓநாய். லைகரைவிடச் சிறியது, மெலிந்தது, சுமையும் குறைவு. ஓநாயின் நடை சிங்கத்தைவிட இறுக்கமான கோட்டில் விழும். பனியில் ஓநாயின் தடங்களைப் பார்த்தால் பின்பாதம் பல இடங்களில் முன்பாதம் பதிந்த குழியிலேயே பதிந்திருக்கும். அந்த நெருக்கத்தை மாடலில் கொண்டுவரக் கால்களை உள்பக்கமாகவும் சாய்க்க முடியவேண்டும். இடுப்பு மூட்டுக்கு உண்மையான சோதனை அதுதான். தலை தோளைவிடத் தாழ்ந்து முன்னே நீண்டிருக்கட்டும். நிமிர்ந்த தலையோடு நடக்கும் ஓநாயை நான் மாடல்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் நீ தேறியபிறகு கன் ஸ்னைப்பருக்குப் போகலாம். இரண்டு காலில் நிற்கும் சிறிய டைனோசர், வாலைத் தூக்கிப் பிடித்துத்தான் சமநிலை. அது நின்றுவிட்டால் உனக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

மதிப்பெண் போடும்போது இன்னொரு விஷயம் பார். அரை மணி நேரம் கையில் எடுத்து வெவ்வேறு நிலையில் வைத்துக்கொண்டே இரு. எத்தனை பாகம் கையோடு வருகிறது? ஒரு நல்ல கிட்டை நிலை மாற்றும்போது பயம் இருக்கக்கூடாது. பயந்து பயந்து தொடவேண்டிய மாடலை யாரும் இரண்டாம் முறை நிலை மாற்றுவதில்லை. அது அலமாரியில் ஒரே நிலையில் உறைந்துவிடும். பிறகு அதற்கு மூட்டு எதற்கு? தலைக்குள் இருக்கும் ஓட்டுநர் அறையைத் திறந்து பார்த்தாயா? 1/72 என்றால் உள்ளே இருக்கும் மனிதன் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அவனை ஒருமுறை பாதத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடு. அந்த மிருகம் எவ்வளவு பெரியது, எவ்வளவு எடையோடு அடி வைக்கும் என்று புரிந்தால் காலை எவ்வளவு உயரம் தூக்குவது என்பதும் புரியும். கனத்த பிராணி பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் எடுக்காது.

கமாண்ட் வுல்ஃபை இங்கேயே வாங்கி, தை மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். நீ பணம் அனுப்ப வேண்டாம். அதுவரை லைகரை வைத்து நான்கு அடியையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பு: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். எல்லாம் பக்கவாட்டிலிருந்து, தரை மட்டத்திலிருந்து. முட்டுக் கொடுக்காமல்.

அப்பாவிடம் கண் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல். அம்மாவுக்கு என் அன்பு.

உன் அக்கா